பன்னிரண்டரைக்கு அண்ணனோடு நடை

1

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிற கூத்து. வசந்தம் வந்ததும் அரசாங்கம் நம்மிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இலை உதிர்ந்ததும் திருப்பித் தந்துவிடும். வேறு எந்த அரசாங்கமும் பிடுங்கியதைத் திருப்பித் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு இதில் தொழில்முறைச் சம்பந்தம் உண்டு. மதுரையில் எம்.ஏ. வரைக்கும் இலக்கியம் படித்த நான், இங்கே ஒரு பஸ் டிப்போ அலுவலகத்தில் பதினான்கு வருஷமாகக் கால அட்டவணை எழுதுகிறேன். இந்தத் தீவில் என்னளவு வாசகர்களைப் பெற்ற தமிழ் எழுத்தாளன் கிடையாது. மழையில் நனைந்தபடி நின்று படிக்கிறார்கள். படித்து முடித்ததும் திட்டுகிறார்கள்.

ஊர்ப் பெயர் வேண்டாம். அதை இந்த ஊர்க்காரர்கள் உச்சரிக்கிற மாதிரி எனக்கு இன்னும் வரவில்லை. மதுரையை ஒட்டிய எங்கள் கோச்சடையில் என் அண்ணன் உட்பட எல்லோரும் நான் லண்டனில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். லண்டன் இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். நான் அவர்களைத் திருத்துவதில்லை. நான் திருத்தாமல் விட்டவற்றில் இது மிகச் சிறியது. பெரியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

போன வருஷம் இதே இலையுதிர் காலத்தில் சுகாதார நிலையத்தில் ஒரு குப்பி சீனித் தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, நடுநடுவே ரத்தம் எடுத்தார்கள். இனிமேல் சீனியைத் தொடாதே என்று சொல்வதற்கு முன்னால் வயிறு நிறையச் சீனி கொடுத்து அனுப்புகிற அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

முடிவு வந்தது. சர்க்கரை வியாதி இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. எல்லையில் இருக்கிறேனாம். பழக்கத்தை மாற்றிக்கொண்டால் திரும்பிவிடலாம், இல்லாவிட்டால் தாண்டிவிடுவேன். இங்கே பதினான்கு வருஷமாக என் நிலைமையே அதுதான் என்பதால் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை.

ஆனால் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா கீழக்குயில்குடிப் பக்கம் வயல் வைத்திருந்தவர். காலில் முள் குத்தியது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஐந்து நாள் நடந்தார். பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு கால்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வரப்பில் கால் வைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் 'சுகர்' என்று யாராவது சொன்னால் நானும் அண்ணனும் எங்களையறியாமல் பாதத்தைப் பார்த்துக்கொள்வோம்.

என்னை மிஸஸ் ஹார்ட்லி என்கிற நர்சிடம் ஒப்படைத்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கையால் பின்னிய கம்பளிச் சட்டை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மதுரையில் டாக்டர் என்றால், "சோத்தைக் குறைங்க, இனிப்பைத் தொடாதீங்க, அடுத்த ஆளு" என்று அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார். இந்த அம்மாள் எதையும் செய் என்று சொல்லவே இல்லை. கேள்விதான் கேட்டார். "இந்த வாரம் உங்களால் மாற்ற முடிகிற ஒரே ஒரு சின்ன விஷயம் எது?"

"டீயில் மூன்று கரண்டி சீனி போடுகிறேன். அதை விட்டுவிடுகிறேன்" என்றேன், வீரமாக.

"விட வேண்டாம். இரண்டாக்க முடியுமா?"

வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு குறைவாக எதிர்பார்த்தவர் யாரும் இல்லை. எனக்குக் கண்கலங்கிவிட்டது.

நடக்க வேண்டும் என்பதையும் என் வாயிலிருந்தே வரவழைத்தார். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று நானே சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். மதியம் சாப்பாட்டு இடைவேளை, பன்னிரண்டரை மணி, நாற்பது நிமிஷம், டிப்போவுக்குப் பின்னாலுள்ள கால்வாய்க் கரை. பிறகு ஒரு படிவம் தந்தார். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நடந்தேன் என்று தினமும் நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் 'யாருடன்' என்று போட்டிருந்தது.

"துணைக்கு ஆள் இருந்தால் பழக்கம் நிற்கும். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

யோசித்தேன். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மாலை ஷிப்ட். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள், நான் எழுதிய அட்டவணைப்படி. இரண்டு பேரும் பேசிக்கொள்வது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய துண்டுச் சீட்டு மூலமாக. 'குழம்பு கீழ்த்தட்டில்' என்று அவள் எழுதுவாள். 'சரி' என்று நான் எழுதுவேன். பதினைந்து வயது மகள் வாணி தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ரேடியோவோடு சாப்பிடுவாள். டிப்போவில் என்னை எல்லோருக்கும் பிடிக்கும். யாருக்கும் தெரியாது.

மிஸஸ் ஹார்ட்லி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார். எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3

அன்றைக்கே அண்ணனுக்கு ஏர் லெட்டர் எழுதினேன். சர்க்கரை வியாதிக்கும் நல்ல உடம்புக்கும் நடுவே வரப்பில் நிற்கிறேன், உங்களுக்கும் அப்பா உடம்புதானே, நாம் இரண்டு பேரும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிக்கொள்வோம் என்று. முதலில் ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அது தோன்றவில்லை. அரை மணி நேரம் நர்சிடம் கேள்வி கேட்கப்பட்டவன் என்கிற தகுதியில் நான் ஏற்கெனவே வைத்தியனாகியிருந்தேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நூல் மில்லில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில் சங்கு ஊதுவதற்குக் கால்மணி நேரம் முன்னால் கேட்டில் நிற்பார். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்த ஐயரிடமே, "ஷிப்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டவர். அவர் பதில் எழுதினார்:

'தம்பி, ஒரே ஒரு சின்ன மாற்றம் கேட்டிருந்தாய். டீக்கடையில் சீனி பாதி என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. "என்னண்ணே, சீக்கா?" என்று மாஸ்டர் கேட்டான். "லண்டன் வைத்தியம்டா, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டேன். இப்போது நாலு பேர் சீனி பாதிதான் கேட்கிறார்கள். மாஸ்டர் உன்மேல் பிரியமாக இருக்கிறான்; சீனி மிச்சமாகிறதாம். நடை எத்தனை மணிக்கு என்று எழுது.'

கணக்குப் போட்டேன். எனக்கு மதியம் பன்னிரண்டரை என்றால் கோச்சடையில் மாலை ஆறு. வைகைக் கரையில் காற்று வருகிற நேரம். 'ஆறு மணிக்கு நீங்கள் அங்கே புறப்படுங்கள். அதே நிமிஷம் நான் இங்கே புறப்படுவேன். சேர்ந்து நடக்கிற மாதிரிதான்' என்று எழுதினேன். எழுதும்போது அந்த வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. பிடித்த வாக்கியங்களால் நான் கெட்டது போல வேறு எதனாலும் கெட்டதில்லை.

அதற்குப் பிறகு வாரம் ஒரு ஏர் லெட்டர் வந்தது. மில் பதிவேடு மாதிரி எழுதுவார். 'திங்கள்: புறப்பட்டது 6-00. திரும்பியது 6-40. ஆற்றில் தண்ணீர் இல்லை. துணி காய்கிறது. எருமை ஏழு. செவ்வாய்: புறப்பட்டது 6-00. திரும்பியது 6-40. எருமை ஏழு.' ஒரு புதன்கிழமை எருமை ஆறாகிவிட்டது. வியாழன் வரைக்கும் எனக்கு ஒரே கவலை.

நான் நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் மழை மாதிரி இருந்தது. ஏழாம் நாள் கான்டீன் ஜன்னலோரம் உட்கார்ந்து, நேற்று மழை பெய்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கஸ்டர்டு ஊற்றிய இனிப்புப் புட்டிங் சூடாகக் கிடைக்கும். பன்னிரண்டரை ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது அண்ணன் செருப்பை மாட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பதே ஒருவகை நடை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிற அளவுக்குப் படித்திருக்கிறேனே.

சாயங்காலம் படிவத்தை நிரப்புவேன். நடை: நாற்பது நிமிஷம். யாருடன்: அண்ணன்.

ஒருநாள் வாணி அதை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச்செல்லாம் ஆங்கிலம். "அப்பா, பெரியப்பா இந்தியாவில்தானே இருக்கிறார்? நீல லெட்டர் போடுகிறவர்தானே?"

"ஆமா. ஒரே நேரத்துல நடக்குறோம். அப்ப சேர்ந்து நடக்குறதுதானே?"

"நீங்கள் நடக்கிறீர்களா?"

பிள்ளைகள் நம் பாஷையை மறந்தாலும் இந்த மாதிரிக் கேள்விகளை மறப்பதில்லை. "போய்ப் படி" என்றேன். போனாள். மாடியில் ரேடியோ சத்தம் கூடியது.

4

மார்ச் மாதக் கடைசியில் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள். டிப்போவில் கோடை அட்டவணை போட்டுக் களைத்திருந்தேன். அந்த வார லெட்டரில் இடம் மிச்சமிருந்தது. என் மேதைமையைக் காட்ட ஒரு வரி சேர்த்தேன்: 'இங்கே கடிகாரம் மாறிவிட்டது. இனி என் பன்னிரண்டரை உங்கள் மாலை ஐந்து மணி.'

அவ்வளவுதான். நீங்களும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதவில்லை. நான் எழுதியது தகவல். ஆனால் முப்பது வருஷம் மில்லில் இருந்தவருக்கு நேரம் பற்றித் தகவல் என்று ஒன்று கிடையாது, உத்தரவுதான் உண்டு. "ஷிப்ட் மாறிருச்சு" என்று மதினியிடம் சொல்லிவிட்டு மறுநாளே ஐந்து மணிக்குப் புறப்பட்டிருக்கிறார்.

மதுரையில் கோடைக்கால ஐந்து மணி எப்படி இருக்கும் என்று மதுரை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும். லெட்டர்கள் வந்துகொண்டிருந்தன. 'புறப்பட்டது 5-00. திரும்பியது 5-40.' வெயில் என்கிற சொல்லே அவற்றில் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்: 'எருமை இல்லை.' மறுநாளும் 'எருமை இல்லை'. வாரம் முழுக்க, மாதம் முழுக்க எருமை இல்லை. ஐந்து மணி வெயிலில் எருமைகூட வெளியே வராது. வரிக்கு வரி பொருள் தேடிப் பட்டம் வாங்கியவன், அந்த வரியைப் படித்துவிட்டு, பாவம், விற்றுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

5

ஜூன் மாதம் மறுபரிசோதனை. என் ரத்தம் எல்லையை இன்னும் நெருங்கியிருந்தது. மிஸஸ் ஹார்ட்லி திட்டவில்லை. திட்டினால் பதில் வைத்திருந்தேன். படிவங்களைப் பொறுமையாகப் புரட்டினார். எல்லா நாளும் நாற்பது நிமிஷம், எல்லா நாளும் அண்ணன்.

"நன்றாக நடந்திருக்கிறீர்கள். வழியில் என்னவெல்லாம் பார்ப்பீர்கள்?"

எனக்குக் கால்வாயில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாய் தானாகவே பேசியது. "ஆறு. தண்ணீர் இருக்காது. மணலில் துணி காயும். ஏழு எருமை."

அவர் எழுத ஆரம்பித்து நிறுத்தினார். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். மழைத் தூறலில் எதிரே தபால்பெட்டி சிவப்பாக நின்றது. எருமை எதுவும் தென்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இது உங்கள் அண்ணன் நடந்த நடை. நீங்கள் நடந்தது எது?"

பதினான்கு வருஷத்தில் இந்த ஊரில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. அவர் பதிலுக்கு வற்புறுத்தவில்லை. புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்.

வீட்டுக்கு வந்தால் கதவடியில் நீல லெட்டர் கிடந்தது. அண்ணன் கையெழுத்து இல்லை. மதினி பென்சிலால் எழுதியிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம்.

'தம்பிக்கு. உங்க அண்ணன் எழுத வேண்டாம்னு சொல்லிச்சு. நான் எழுதுறேன். கத்திரி வெயில்ல நடந்து உள்ளங்கால் வெந்து போச்சு. புண்ணு ஆற மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாத்தாக. சுகர் வந்து ரொம்ப நாளாச்சாம். உங்க அப்பா மாதிரியே காலுல உணர்ச்சி இல்லையாம். ரெண்டு விரலு கறுத்திருக்கு. எனக்குப் பயமா இருக்கு.'

6

கோச்சடையில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் சிக்கந்தர் பாயின் மருந்துக்கடை. அங்கேதான் டெலிபோன். ஆபரேட்டரிடம் பதிந்துவிட்டு அரை நாள் காத்திருந்தேன். கடைசியில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள் பாயின் குரல்.

"யாரு? லண்டனா? தம்பி, நல்லாருக்கீகளா? இருங்க, லைனை விட்டுறாதீங்க. அண்ணே! தம்பிண்ணே! இந்தா, நொண்டிக்கிட்டே வாராரு."

பின்னால் மதினியின் சத்தம். "நடக்காதீகன்னு சொன்னாக் கேக்குறீகளா? போனைத் தூக்கிட்டு வரச் சொன்னா என்ன?"

"ஒயரு அம்புட்டு நீளம் இல்லடி." அண்ணன் குரல். பிறகு நேராக என் காதுக்குள்: "தம்பி! சாப்பிட்டியா? சுகர் எப்படி இருக்கு?"

"அதை விடுங்கண்ணே. உங்க காலு?"

"ஒண்ணுமில்லடா. இவ எதையாச்சும் பெருசா எழுதியிருப்பா. செருப்பு வார் அறுந்துபோச்சு, ஆத்தங்கரை மேலக்கால் ரோட்டுல, பாதி வழியில. கையில எடுத்துக்கிட்டு நடந்துட்டேன். தாரு கொஞ்சம் இளகிக் கிடந்திருக்கு. சூடே தெரியலடா, அதான் ஆச்சரியம்."

சூடு தெரியாததுதான் செய்தி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்பாவுக்கு முள் தெரியவில்லை.

"வார் அறுந்தா நின்னுற வேண்டியதுதானேண்ணே? ஒரு நாள் நடக்கலைன்னா என்ன?"

"நல்லாருக்கே கதை. நீ அங்கிட்டு நடந்துக்கிட்டு இருப்ப. நான் பாட்டுக்குப் பாதியில நின்னா நல்லாவா இருக்கும்?"

அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். நான் நடக்கவில்லை அண்ணே, கான்டீனில் உட்கார்ந்து புட்டிங் தின்றுகொண்டிருந்தேன் என்று. வாயைத் திறந்தேன். "லைன் சரியாக் கேக்கலண்ணே" என்றேன். இரைச்சலெல்லாம் அடங்கி லைன் மணி மாதிரித் தெளிவாக இருந்தது.

"சரி, போனை வையி, காசு ஓடும். நீ நடையை விட்டுறாத. என் பங்கையும் சேத்து நட."

7

மறுநாள் பன்னிரண்டரைக்கு எழுந்து வெளியே போனேன். அன்றும் மழை. கான்டீன் ஜன்னலுக்குள்ளிருந்து இரண்டு டிரைவர்கள் என்னைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார்கள். நான் எழுதிய அட்டவணையில் ஏதோ பிழை என்று ஆத்திரத்தில் ஓடுவதாக நினைத்திருப்பார்கள். அன்றிலிருந்து ஒரு வேலை நாளும் தவறவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டியவன் ஆழத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

கால்வாய்க்கரையில் மனிதர்கள் அதிகம் வருவதில்லை. எதிரில் வருகிற கிழவர் ஒருவர் வானிலையைப் பற்றி ஒரு சொல் சொல்வார், நானும் ஒரு சொல் சொல்வேன். அநேகமாக அன்றைக்கு முழுக்க நான் பேசுகிற நீளமான உரையாடல் அதுதான். படிவத்தில் 'யாருடன்' கட்டத்தில் 'தனியாக' என்று எழுதினேன். மிஸஸ் ஹார்ட்லி அதைப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள்" என்றார். செப்டம்பரில் என் ரத்தம் எல்லையிலிருந்து ஓர் அடி பின்வாங்கியிருந்தது. ஊசிக்கு ரத்தம் கொடுத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்தவர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார். ஏமாற்றியவன் வரப்பிலேயே நிற்கிறேன். இந்த நியாயத்தை விளக்கும் படிவம் எதுவும் அவரிடம் இல்லை.

அண்ணனுக்கு ஒரு விரல் போயிற்று. மற்றது தப்பியது. புண் ஆறிவிட்டது. பூட்ஸ் போட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு, தெருமுனை வரைக்கும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் எழுதினார்: 'பத்தில் ஒன்று போனால் மில்லில் சேதாரக் கணக்கில்கூட வராது. உங்கள் ஊரில் கடிகாரம் திரும்ப எப்போது மாறும் என்று எழுது.'

கடிகாரத் தேதியை உடனே ஏர் லெட்டரில் எழுதிவிட்டேன். மற்றதை எழுத உட்கார்ந்து பல தாள் கிழித்தேன். நீலத் தாளில் இடம் போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சலூனில் இந்தப் பத்திரிகையைப் படிப்பார். என் எழுத்து வந்தால் சத்தமாகப் படித்துக் காட்டி, "என் தம்பிடா" என்பார். நேரில் சொல்லத் தைரியமில்லாதவன் ஊரே கேட்கும்படி சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் இது புதிதில்லை. அப்பாவும் எங்களைத் திட்ட நினைத்தால் மாட்டைத்தான் திட்டுவார்.

அண்ணே, சலூன்ல சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும், அதுக்கு முந்தி மூணு மாசமும், நீங்க ஒத்தையிலதான் நடந்திருக்கீங்க. பக்கத்துல நான் இல்ல. இப்ப நடக்குறேன். நேத்து: புறப்பட்டது 12-30. திரும்பியது 1-10. கால்வாயில் தண்ணீர் உண்டு. எருமை இல்லை. வாத்து ஒன்பது.

ஞாயித்துக்கிழமையில இருந்து ஷிப்ட் மாறுது. திரும்ப உங்க ஆறு மணி. தெருமுனை வரைக்கும் போதும். பூட்ஸுக்குள்ள கையை விட்டுப் பாத்துட்டுப் போடுங்க. எது அறுந்தாலும் அந்த இடத்துலயே நின்னுருங்க. நீங்க நின்னா நானும் நிப்பேன்.

வாரேன்.